பூஸ்ட்டைக் கூட்டும் முன் பெட்ரோல் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள்

டர்போ பொருத்திய பெட்ரோல் காரின் திறனைக் கூட்டுவது பற்றி நண்பர்கள் கூடிப் பேசினால், பேச்சு பெரும்பாலும் காற்றைச் சுற்றியே போகிறது. காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர், புகை வெளியேறும் அகலமான டவுன்பைப், இன்ஜின் கணினியின் அமைப்பை மாற்றும் புதிய ரீமேப், எத்தனை பார் பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் திணிக்கும் காற்றின் அழுத்தம்) என்று நீளும் அந்தப் பேச்சில் பெட்ரோலைப் பற்றி யாராவது கேட்டால், ‘பெரிய பம்ப் ஒன்று போட்டுக்கொள்ளலாம்’ என்ற ஒரே வரியில் விஷயம் முடிந்துவிடும். என் கருத்து இதற்கு நேர்மாறானது. முழு லோடில், உச்ச ஆர்.பி.எம்.மில், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் வாய் வரை பெட்ரோல் தேவையான அழுத்தத்தில் வந்து சேருகிறது என்பதைக் கேஜ் வைத்துப் பார்த்து எழுதி வைத்த பிறகுதான் பூஸ்ட்டைத் தொடவேண்டும். கூடுதல் காற்று இன்ஜினைத் தானாகக் கெடுப்பதில்லை. அந்தக் காற்றுக்கு ஈடான பெட்ரோல் வராமல் போகும் சில நொடிகளே பிஸ்டனை உடைக்கின்றன.

நான் வைத்திருப்பது 1.8 லிட்டர், 20 வால்வ் டர்போ இன்ஜின் கொண்ட ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். இந்தியாவில் 2004 வாக்கில் 150 குதிரைத்திறனுடன் விற்பனைக்கு வந்த கார் இது. 81 மில்லிமீட்டர் போர், 86.4 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், சிலிண்டருக்கு ஐந்து வால்வுகள், சிறிய கே03 டர்போ. பெட்ரோல் இன்டேக் போர்ட்டில்தான், அதாவது காற்று சிலிண்டருக்குள் நுழையும் வழியில்தான் தெளிக்கப்படுகிறது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயான ரெயிலின் மேலேயே, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் 3 பார் ரெகுலேட்டர் அமர்ந்திருக்கிறது, மிஞ்சும் பெட்ரோல் ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. பழைய அமைப்புதான். ஆனால் கையால் தொட்டு, கேஜ் வைத்துப் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல அமைப்பு கிடையாது என்பதால் இதையே வைத்து விளக்குகிறேன்.

முதலில் அடிப்படை. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது எல்லாரும் அறிந்த கணக்கு. டர்போ இன்ஜினை முழு பூஸ்ட்டில் அந்த விகிதத்தில் ஓட்ட முடியாது. சுமார் 11.5 முதல் 12.5 வரை ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, ஓட்டுகிறோம். இதில் கிடைக்கும் கூடுதல் பவர் ஒரு காரணம் என்றாலும், எரியாமல் மிஞ்சும் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டருக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்வது அதைவிட முக்கியமான காரணம். அந்தக் குளிர்ச்சி குறைந்தால் நாக்கிங், அதாவது கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது, வருகிறது. ஈ.சி.யூ. என்ற இன்ஜின் கணினி, ஸ்பார்க் விடும் நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துச் சமாளிக்கப் பார்க்கும். அதன் எல்லையும் தாண்டினால் பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள விளிம்பு விரிசல் விட்டு உடையும். இவ்வளவும் நடக்க நெடுநேரம் தேவையில்லை, மூன்றாவது கியரில் ஒரு முழு இழுப்புப் போதும்.

இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது சுத்தமான பெட்ரோல் இல்லை, 20 விழுக்காடு எத்தனால் கலந்த ஈ20. 2030க்கு என்று முதலில் வைத்திருந்த இலக்கை அரசு முன்னுக்கு இழுத்து 2025இலேயே எட்டிவிட்டது. எத்தனால் ஒரு பங்குக்கு 9 பங்கு காற்றே போதும் என்பதால், ஈ20இன் சரிசம விகிதம் 13.5 அருகே இறங்குகிறது. ஆகவே 14.7ஐ வைத்துப் பேசுவதை விட்டுவிட்டு லாம்டா மதிப்பில், அதாவது உள்ளே போகும் காற்றை அந்தப் பெட்ரோல் முழுமையாக எரியத் தேவையான காற்றால் வகுத்து வரும் எண்ணில், பேசுவது நல்லது. எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் சரிசம எரிப்பு என்றால் லாம்டா 1, முழு லோடில் என் காருக்கு நான் கேட்பது 0.80. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கணக்குகள் எளிதாக இருக்கும்.

இன்ஜெக்டர் எவ்வளவு பெட்ரோல் விடும் என்பதை முடிவு செய்வது ரெயிலில் உள்ள அழுத்தம் மட்டும் அன்று. ரெயில் அழுத்தத்திலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிரும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தைக் கழித்தால் வரும் வித்தியாசமே அதை முடிவு செய்கிறது. இன்ஜெக்டரின் மூக்கு மேனிஃபோல்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே 1 பார் பூஸ்ட் எதிரே நின்று தள்ளும்போது, உள்ளேயிருந்து 3 பார் தள்ளினால் மிஞ்சுவது 2 பார்தான். அதனால்தான் ரெகுலேட்டரின் தலையில் ஒரு சிறிய வேக்குவம் ஹோஸ் மேனிஃபோல்டிலிருந்து வந்து சேருகிறது. பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அதே அளவுக்கு ரெயில் அழுத்தமும் ஏற வேண்டும்: பூஸ்ட் 0.8 பார் என்றால் ரெயிலில் 3.8 பார், 1 பார் என்றால் 4 பார். இன்ஜெக்டரின் ஓட்டம் இந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். 3 பார் வித்தியாசம் 2.5 ஆகக் குறைந்தால் ஓட்டம் 9 விழுக்காடு அளவுக்குக் குறையும். கேட்க அற்பமாகத் தெரியும் அந்த 9 விழுக்காடு, 0.80இல் இருந்த லாம்டாவை 0.87, 0.88க்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. நம் வெயிலில், சூடேறிய இன்டர்கூலருடன், அது நான் விரும்பாத இடம்.

இந்த இடத்தில் ஈ.சி.யூ.வுக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் மனத்தில் வைக்கவேண்டும். இந்தத் தலைமுறை கார்களில் ரெயில் அழுத்தத்தைச் சொல்லும் சென்சார் கிடையாது. ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்கிறது, பம்ப் தன் வேலையைச் செய்கிறது என்ற நம்பிக்கையில்தான் அது இன்ஜெக்டரை இத்தனை மில்லிசெகண்டு திறந்து வைக்கிறது. அந்த நம்பிக்கை சரியா என்று சோதிப்பது நம் பொறுப்பு.

சோதனையை இரண்டு கட்டமாகச் செய்தேன். முதல் கட்டம் வண்டி நின்ற இடத்தில். ரெயிலுக்குப் போகும் ஹோஸில் டி இணைப்பு ஒன்றைப் போட்டு, 0 முதல் 7 பார் வரை காட்டும் கேஜைப் பொருத்தி, இன்ஜினை ஐடிலில் விட்டு, ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி அதன் முனையை அடைத்தால் முள் 3 பாரில் நிற்கவேண்டும். நின்றது. பிறகு ரெகுலேட்டரின் நிப்பிளில் கைப் பம்ப் ஒன்றை இணைத்து மெதுவாகக் காற்றடித்தேன். கையில் 0.5 என்றால் ரெயிலில் 3.5, கையில் 1 என்றால் ரெயிலில் 4. ஒவ்வொரு படியிலும் முள் கூடவே ஏறி, நடுங்காமல் நின்றது. இதில் பிசகு இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் போயிருக்கும். அந்த வேக்குவம் ஹோஸில் பெட்ரோல் ஈரமோ வாசனையோ இருந்தால் அதற்கு வேறு சாட்சி தேவையில்லை, ரெகுலேட்டரை உடனே மாற்றிவிடவேண்டும். இன்ஜினை நிறுத்திய பிறகும் முள் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பது நல்லது. சட்டென விழுந்தால் பம்ப்பின் செக் வால்வோ ஒழுகும் இன்ஜெக்டரோ காரணமாக இருக்கும்.

இரண்டாவது கட்டம் லோடில். நின்ற இடத்தில் எல்லா பம்ப்பும் நல்ல பம்ப்தான். ஐடிலில் இன்ஜின் குடிப்பது மிகக் குறைவு என்பதால், சாகக் கிடக்கும் பம்ப்பும் 3 பாரைப் பிடித்து வைத்திருக்கும். முழு லோடில்தான் அதன் உண்மை தெரியும். இதை டைனோவில், அதாவது வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டி அளக்கும் மேடையில், செய்யவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்றாவது கியரில் 6000 ஆர்.பி.எம். வரை மிதித்துப் பார்ப்பவர்களை நான் அறிவேன். அந்தச் சாலையில் குறுக்கே வரும் இருசக்கர வண்டிக்கும் மாட்டுக்கும் நம் லாக் ஃபைலைப் பற்றி எதுவும் தெரியாது. கேஜையும் பெட்ரோல் ஹோஸுடன் காருக்குள் கொண்டுவரக் கூடாது. ரெயிலில் மின் சென்சாரைப் பொருத்தி, ஒயரை மட்டும் உள்ளே கொண்டுவந்தேன்.

டைனோவில் கிடைத்த படம் தெளிவாக இருந்தது. 3500 ஆர்.பி.எம்.மில் பூஸ்ட் 1 பார், ரெயில் 4 பார். குறை சொல்ல ஒன்றுமில்லை. சிறிய டர்போ என்பதால் மேலே போகப் போகப் பூஸ்ட் இறங்கி 5500இல் 0.8 பார் ஆகிறது. அங்கே ரெயில் 3.8 காட்டவேண்டும், காட்டியது 3.3. புகையைப் பார்த்து லாம்டாவைச் சொல்லும் வைட்பேண்ட் சென்சாரில் எண் 0.80இலிருந்து நகர்ந்து 0.87ஐத் தொட்டது. கணக்கில் வந்த எண்ணும் கண்ணில் கண்ட எண்ணும் இப்படி ஒத்துப்போவதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் நிறைவு சொல்லி முடியாது. அதே நேரத்தில், ஈ.சி.யூ.வைப் படிக்கும் வி.சி.டி.எஸ். மென்பொருளில் 020ஆம் பிளாக், அதாவது சிலிண்டர் வாரியாக டைமிங் பின்னிழுப்பைக் காட்டும் பிளாக், ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்களை ஏற்றிக் காட்டத் தொடங்கியிருந்தது. அங்கேயே இழுப்பை நிறுத்தச் சொன்னேன்.

இந்த இடத்தில் பலர் புதிய பம்ப்புக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள். புதுச்சேரி மரப்பாலம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். டைனோ காகிதத்தைப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி பம்ப்பைப் பற்றியதாக இல்லை.

“பம்ப மாத்துறது இருக்கட்டும் தம்பி. அதுக்குக் கரண்ட் ஒழுங்கா போவுதான்னு பாத்தியா?”

“பேட்டரில 13.8 வருது அண்ணே.”

“பேட்டரில வரும். பம்ப்ல என்ன வருதுன்னு பாரு.”

பின் சீட்டைத் தூக்கி, டேங்கின் மூடியைத் திறந்து, பம்ப் கனெக்டரின் பின்புறத்தில் மல்டிமீட்டரின் முனைகளை வைத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்க, பம்ப்பில் 11.4. பிறகு அவர் செய்ததை எல்லாரும் கற்றுக்கொள்ளவேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் பம்ப்பின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே நேரடியாக மீட்டரை வைத்தார்: 0.9 வோல்ட். பம்ப்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே வைத்தார்: 1.5 வோல்ட். இழக்கும் 2.4 வோல்ட்டில் பாதிக்கு மேல் எர்த் பக்கத்தில் போகிறது என்று இரண்டே அளவில் தெரிந்துவிட்டது. குறைந்த வோல்டேஜில் ஓடும் போர்வெல் மோட்டாரைப் போலத்தான் இதுவும். மோட்டார் சுற்றுகிற சத்தம் கேட்கும், குழாயில் தண்ணீர் நூலாக வரும்.

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம். வெள்ளிக் கடற்கரைக் காற்று வருடம் முழுவதும் வண்டியின் மேல் உப்பைத் தடவிக்கொண்டே இருக்கிறது. பாடியில் எர்த் ஒயரை முடுக்கியிருக்கும் போல்ட்டைக் கழற்றியபோது, கண்ணியின் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் படிந்திருந்த துரு ஒயரின் இன்சுலேஷனுக்குள்ளும் ஏறியிருந்தது. உறையைக் கீறிப் பார்த்தால், செம்பு இழைகள் கறுத்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தன. கடற்கரை ஊர்களில் வண்டி வைத்திருப்பவர்கள், இன்ஜினைப் பாடியோடு இணைக்கும் பட்டையில் தொடங்கி எல்லா எர்த் இணைப்புகளையும் கழற்றிச் சுரண்டிப் பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். டர்போ இல்லாத காரானாலும் இது பொருந்தும். டர்போ காரில் இதன் விலை கூடுதல், அவ்வளவுதான்.

புதிய ஒயரிங்கை அண்ணன் இப்படி அமைத்தார். பேட்டரியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரியின் அருகிலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ், பின்னால் பம்ப்புக்குப் பக்கத்தில், சிறு சிக்னலால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஒரு ரிலே. ரிலேயின் 30ஆம் முனைக்குப் பேட்டரி, 87ஆம் முனையிலிருந்து பம்ப், 85க்கு எர்த், 86க்குப் பழைய பம்ப் ஒயர். கடைசியாகச் சொன்ன இணைப்பு மிக முக்கியம். பழைய ஒயரை வெறும் சிக்னலாகப் பயன்படுத்துவதால், விபத்திலோ வேறு காரணத்தாலோ இன்ஜின் நின்றால் ஈ.சி.யூ. பம்ப்பை நிறுத்தும் பாதுகாப்பு அப்படியே நீடிக்கிறது. சாவியிலிருந்து நேராக ஒயர் இழுத்துப் பம்ப்பை ஓடவிடும் வேலையைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். வண்டி கவிழ்ந்து கிடக்கும்போதும் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருக்கும் அமைப்பு அது. அப்படிச் செய்து தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்கக் கூடாது.

இந்த வேலைக்குப் பிறகு பம்ப்பில் 13.5 வோல்ட். மறுபடி டைனோவில் ஏற்றியபோது 5500இல் ரெயில் 3.7ஐப் பிடித்தது, லாம்டா 0.81. பம்ப்பை மாற்றாமலேயே குறையின் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியிருந்த 0.1 பார், காரின் அடியில் இருக்கும் பெட்ரோல் ஃபில்டரை மாற்றியதும் சரியானது. பழைய ஃபில்டரைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது வெள்ளைத் துணியில் வந்து விழுந்தது பழுப்பு நிறத் தூளும், டேங்கின் வண்டலும்.

அப்படியானால் பெரிய பம்ப் எப்போது தேவை? இதற்குக் கணக்குப் போடலாம். நான் உச்சமாக வைத்திருக்கும் இலக்கு 200 குதிரைத்திறன், அதாவது சுமார் 150 கிலோவாட். ரிச்சாக ஓடும் டர்போ பெட்ரோல் இன்ஜின் ஒரு கிலோவாட்டுக்கு ஒரு மணி நேரத்தில் 350 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று சற்றுத் தாராளமாக வைத்துக்கொண்டால், மணிக்கு 52.5 கிலோ, அதாவது ஏறத்தாழ 70 லிட்டர். ஈ20க்காக இன்னும் 7, 8 விழுக்காடு சேர்த்தால் 75, 76 லிட்டர். நல்ல நிலையில் உள்ள சாதாரண பம்ப்பே 4 பார் அழுத்தத்தில் இதைத் தரக்கூடும். ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பிவிடக் கூடாது. அது எந்த அழுத்தத்தில், எந்த வோல்டேஜில் எடுத்த எண் என்று பார்க்கவேண்டும். மணிக்கு 255 லிட்டர் என்று விற்கும் பம்ப்பும் அழுத்தம் கூடக் கூடக் குறைவாகவே தரும், அது இழுக்கும் கரண்டும் கூடவே ஏறும்.

தேவைக்கு மேல் மிகப் பெரிய பம்ப்பைப் போடுவதிலும் கேடு இருக்கிறது. இன்ஜின் குடிக்காத பெட்ரோல் முழுவதும் ரெகுலேட்டர் வழியாக, மெல்லிய ரிட்டர்ன் குழாயில் திரும்பவேண்டும். குழாய் தாங்காவிட்டால் ஐடிலில் ரெயில் அழுத்தம் 3 பாரைத் தாண்டி 3.5 வரை தானாக ஏறி நிற்கும், வண்டி ஐடிலில் ரிச்சாக ஓடிப் புகை நாறும். அதோடு, இன்ஜின் பேயில் சூடான ரெயிலைச் சுற்றி வந்த பெட்ரோல் திரும்பத் திரும்ப டேங்குக்குப் போய் டேங்கையே சூடாக்குகிறது. அக்னி நட்சத்திரத்தில் கால் டேங்க் பெட்ரோலோடு போக்குவரத்து நெரிசலில் நின்றால், பம்ப்பின் வாயிலேயே ஆவிக் குமிழ்கள் உருவாகிப் பம்ப் சிணுங்கத் தொடங்கும். கோடையில் டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதது என் வழக்கம். வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை இழுக்கும் சிக்கலுக்கும் அதுவே மருந்து.

பம்ப்பை மாற்றுவதாக இருந்தால் போலிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெயர் பெற்ற பம்ப்புகளுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் அச்சு அசலாகத் தோன்றும் போலிகள் சந்தையில் உண்டு. விலை பாதி என்றால் பொருளும் பாதி என்றே கொள்ளவேண்டும். டேங்குக்குள் இருக்கும் சிறு ஹோஸையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. வெளியே பயன்படும் உயர் அழுத்தப் பெட்ரோல் ஹோஸ் உள்ளே மட்டும் பெட்ரோல் படும்படி செய்யப்பட்டது. டேங்குக்குள் மூழ்கிக் கிடந்தால் அதன் வெளித்தோல் ஊறி, உப்பி, ஒரு நாள் வெடிக்கும். மூழ்கி இருப்பதற்கென்றே எஸ்.ஏ.ஈ. 30ஆர்10 தரத்தில் ஹோஸ் இருக்கிறது, அதைத்தான் கேட்டு வாங்கவேண்டும். எத்தனால் கூடிய இன்றைய பெட்ரோலில், 20 ஆண்டு பழைய ரப்பர் ஹோஸ் எதையும் நான் விட்டுவைக்கவில்லை.

இனி இன்ஜெக்டர். மணிக்கு 76 லிட்டரை நான்காகப் பிரித்தால் ஒரு இன்ஜெக்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 316 சி.சி. இன்ஜெக்டரை எப்போதும் திறந்தே வைத்திருக்க முடியாது. 6000 ஆர்.பி.எம்.மில் ஒரு முழுச் சுழற்சிக்கு, அதாவது கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்ற, 20 மில்லிசெகண்டு ஆகிறது. அதில் 85 விழுக்காட்டுக்கு, 17 மில்லிசெகண்டுக்கு, மேல் இன்ஜெக்டரைத் திறந்து வைத்தால் அது மூடித் திறப்பதில் ஒழுங்கு தவறும். ஆக 316ஐ 0.85ஆல் வகுத்தால் 372 சி.சி. என்பது கணக்குக்கு மட்டும் சரி. திறக்க ஆகும் நேரத்தையும், வெயிலையும், பெட்ரோலின் தர வேறுபாட்டையும் சேர்த்து நான் எடுத்துக்கொண்டது 3 பாரில் 440 சி.சி. தரும் இன்ஜெக்டர். 3 பார் ரெகுலேட்டரைக் கழற்றி 4 பார் ரெகுலேட்டரைப் போட்டு, இருக்கும் இன்ஜெக்டரிலிருந்தே 15 விழுக்காடு கூடுதலாக வாங்கும் வழியும் இந்த இன்ஜினில் புகழ்பெற்றதுதான். சிறிய ரீமேப்புக்கு அது போதும். பம்ப்பின் மேல் ஏற்றும் சுமையை நினைத்து நான் அந்த வழிக்குப் போகவில்லை.

ஈ20இன் எண்களை நான் இவ்வளவு சொல்வதற்கு ஒரு காரணம், எங்கள் பகுதியில் பெட்ரோல் போடும் பழக்கம். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டி முள்ளோடையிலோ கிருமாம்பாக்கத்திலோ டேங்கை நிரப்பிக்கொண்டு வருகிறோம். ஒரு நாள் சாதாரணப் பெட்ரோல், மறுநாள் 95 ஆக்டேன், வெளியூர் போனால் எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் என்று மாற்றி மாற்றிப் போட்டால், டேங்கில் உள்ள எத்தனால் அளவு மாறிக்கொண்டே இருக்கும். எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கும் என்பது உண்மை, ஆனால் அதற்கு ஈடாகக் கூடுதல் அளவு பெட்ரோலைக் கேட்கும். ரீமேப் செய்த நாளில் எந்தப் பெட்ரோல் இருந்ததோ அதையே தொடர்ந்து போடுவது நல்லது. ஈரத்தை இழுக்கும் குணமும் எத்தனாலுக்கு உண்டு. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வண்டியைக் குறைந்த பெட்ரோலோடு நெடுநாள் நிறுத்தி வைக்கக் கூடாது.

பெரிய இன்ஜெக்டரைப் பொருத்தினால் அதைப் பற்றி ஈ.சி.யூ.வுக்குச் சொல்லவேண்டும். இந்தக் காரின் பாஷ் எம்.ஈ.7 ஈ.சி.யூ.வில் இரண்டு இடங்கள் முக்கியம். கே.ஆர்.கே.டி.ஈ. என்ற மாறிலி, சிலிண்டருக்குள் போகும் காற்றுக்கு இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்டு திறக்கவேண்டும் என்று சொல்கிறது. டி.வி.யூ.பி. என்ற அட்டவணை, பேட்டரி வோல்டேஜுக்கு ஏற்ப இன்ஜெக்டர் திறக்க ஆகும் தாமதத்தைச் சொல்கிறது. முதலாவது தவறாக இருந்தால், ஓட்டத்தில் ஃபியூல் டிரிம், அதாவது ஈ.சி.யூ. தானாகச் செய்யும் பெட்ரோல் திருத்தம், ஒரே விழுக்காட்டில் கூடியோ குறைந்தோ நிற்கும். இரண்டாவது தவறாக இருந்தால் ஐடிலில்தான் அதிகம் தெரியும், ஏனென்றால் திறப்பு நேரமே இரண்டு மூன்று மில்லிசெகண்டாக இருக்கும்போது கால் மில்லிசெகண்டுப் பிழையும் பெரிது. 032ஆம் பிளாக்கில் இந்த இரண்டு டிரிம்மும் அடுத்தடுத்துத் தெரியும். அதைப் படித்துச் சொல்லத் தெரிந்த டியூனரிடம்தான் ரீமேப் வேலையைக் கொடுக்கவேண்டும். இன்ஜெக்டரை வாங்கும்போதே இந்தத் தாமத எண்களோடு வாங்குவது நல்லது, எண்கள் இல்லாத இன்ஜெக்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இதற்குப் பதிலாகக் காற்றளவு சென்சாரை ஏமாற்றும் வேலை ஒன்று இருக்கிறது. சென்சாரை அகலமான குழாயில் மாற்றிப் பொருத்தினால், உண்மையில் போகும் காற்றைவிடக் குறைவாக அது சொல்லும். பெரிய இன்ஜெக்டர் அந்தக் குறைவை ஈடுகட்டும், லாம்டாவும் சரியாக வரும். ஆனால் அதே எண்ணை வைத்துத்தான் ஈ.சி.யூ. லோடைக் கணக்கிடுகிறது. லோடு குறைவு என்று நம்பி இக்னிஷனை முன்னுக்கு ஏற்றிவிடும். வைட்பேண்டில் எல்லாம் நன்றாகத் தெரிய, உள்ளே நாக்கிங் நடக்கும். பெட்ரோலைச் சரிசெய்யப் போய் டைமிங்கைக் கெடுக்கும் இந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வைட்பேண்டுக்கும் ஓர் எல்லை உண்டு. நான்கு சிலிண்டர்களின் புகையும் கலந்த பிறகே அது பார்க்கிறது. மூன்று இன்ஜெக்டர் சற்று அதிகமாகவும் ஒன்று 10 விழுக்காடு குறைவாகவும் விட்டால், சராசரி 0.80 என்றே காட்டும், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் தனியாக வெந்துகொண்டிருக்கும். ஆகவே இன்ஜெக்டர்களைச் சோதனைப் பெஞ்சில் ஏற்றி, நான்கு கண்ணாடிக் குழாய்களிலும் எவ்வளவு சேருகிறது என்று முழுத் திறப்பிலும் சிறு துடிப்பிலும் தனித்தனியாக எழுதி வாங்கவேண்டும். அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவுவதற்கு முன்பும் பின்பும் எண்கள் வேண்டும். என் இன்ஜெக்டர்களில் அதிகத்துக்கும் குறைவுக்கும் இடையே 2 விழுக்காட்டுக்குள் வந்த பிறகே பொருத்தினேன். டைனோ முடிந்ததும் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதும் இதன் தொடர்ச்சிதான். ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரை முதலில் சந்தேகிக்கவேண்டும்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார்கள், அதாவது சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைத் தெளிக்கும் டி.எஸ்.ஐ. போன்ற வகைகள், வேறு கதை. அங்கே கேம்ஷாஃப்ட் தள்ளும் பம்ப் ஒன்று நூறு, இருநூறு பார் வரை அழுத்தத்தை ஏற்றுகிறது. பெட்ரோலைத் தெளிக்கக் கிடைக்கும் நேரமும் சுழற்சியின் ஒரு பகுதி மட்டுமே என்பதால் 85 விழுக்காட்டுக் கணக்கு அங்கே செல்லாது. ஆனாலும் டேங்குக்குள் இருக்கும் தாழ் அழுத்தப் பம்ப் இளைத்தால் மேலே இருக்கும் பம்ப்பும் பட்டினிதான். அந்தக் கார்களில் ரெயில் அழுத்த சென்சார் இருப்பதால் ஸ்கேனரிலேயே கேட்ட அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் ஒப்பிடலாம் என்பது ஒரு வசதி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் பின்னால் தொல்லையாகும் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்ளவேண்டும். பெட்ரோல் லைனைக் கழற்றும் வேலை எதுவானாலும் திறந்த வெளியில், ரெயில் அழுத்தத்தை இறக்கிவிட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு செய்யவேண்டும். சூடான இன்ஜினில் ஒருபோதும் கூடாது.

இப்போது காரில் புதிய ஒயரிங், அசல் அளவுப் பம்ப், 3 பார் ரெகுலேட்டர், 440 சி.சி. இன்ஜெக்டர்கள். 6000இல் 002ஆம் பிளாக் காட்டும் திறப்பு நேரம் 15.5 மில்லிசெகண்டு, அதாவது 78 விழுக்காட்டுக்குக் கீழே. ரெயிலில் நான் பொருத்திய சென்சாரைக் கழற்றாமல் நிரந்தரமாக விட்டிருக்கிறேன். ரெயில் அழுத்தத்திலிருந்து பூஸ்ட்டைக் கழித்து வரும் எண் 2.8 பாருக்குக் கீழே இறங்கினால் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்படி அண்ணன் அமைத்துக் கொடுத்திருக்கிறார். மழைக்காலம் முடிந்ததும் எர்த் இணைப்புகளைத் திறந்து, அதே மீட்டரை அதே இடங்களில் வைத்து மறுபடி அளக்கவேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 0.5 வோல்ட்டுக்கு மேல் இழப்புத் தெரிந்தால், பூஸ்ட்டைத் தொழிற்சாலை அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.